சூரிய விளக்கில் கருகிய செண்டுமல்லி

டாலிகஞ்ச் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த கலியனின் டிபன் கடைக்குள் செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் நனைந்துகொண்டே வந்தாள். குடை கையில் இருந்தது. விரிக்கவில்லை. குடையை விரிக்க மறந்தவள் இட்லி சாப்பிட வந்திருக்க மாட்டாள் என்று கலியன் முடிவு கட்டினார். அந்த ஒரு முடிவு சரியாக இருந்தது. அவருடைய மற்ற முடிவுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

"பட்டாபி மாமா இங்கதான் இருப்பார்னு சொன்னாங்க."

மூலை மேசையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். பட்டாபிராமன் துறைமுகத்தில் சுங்க இலாகா ஆள். சீல் வைத்து வந்த பெட்டிகளை முப்பது வருஷம் உடைத்துப் பார்த்தவர். உடைக்காத பெட்டியை அவர் நம்பியதில்லை. மனிதர்களும் அப்படித்தான் என்று அவருக்கு ஒரு எண்ணம். ஓய்வு பெற்ற பிறகு இந்த வங்காளத்து ஊரில் உள்ள தமிழர்கள் களவு, காணாமல் போனது என்று ஏதாவது வந்தால் அவரிடம் வருவார்கள். கலியன் தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவார்.

"நீ அருணாசலம் பொண்ணு இல்லியோ? கீதாஞ்சலி. உக்காரும்மா. கலியா, ஒரு துண்டு கொடு."

அவள் துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். துடைக்கவில்லை.

"மாமா, நான் பொய் சொன்னேன்னு நாளைக்கு முடிவு பண்ணப் போறாங்க. முடிவாயிட்டா என் வேலை முடிஞ்சுது. வேற எங்கயும் யாரும் என்னை லேபுக்குள்ள விடமாட்டாங்க."

"என்ன பொய்?"

"பொய்யே இல்ல மாமா!"

"அப்ப மெதுவாச் சொல்லு. எங்களுக்குப் புரியற மாதிரி."

கீதாஞ்சலி சால்ட் லேக்கில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. அவள் செய்வதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. அது நமக்கு வேண்டாம். அவள் சொன்னது இதுதான்.

"வெயில்ல கரண்ட் தர்ற பலகை பாத்திருப்பீங்க. அது சிலிக்கான். உலையில உருக்கிப் பண்ணணும், செலவு ஜாஸ்தி. நான் பண்றது ஒரு மாதிரி பிளாஸ்டிக். மை மாதிரி கரைச்சுக் கண்ணாடி மேல பூசிடலாம்."

"தோசை ஊத்தற மாதிரி," என்றார் கலியன்.

"தோசையை விட ஆயிரம் மடங்கு மெலிசு அண்ணே."

"அப்ப ரவா தோசை."

பட்டாபிராமன் ஒரு பார்வை பார்த்தார். கலியன் வாயை மூடிக்கொண்டார்.

"பூசினா பீட்ரூட் சாறு மாதிரி கலர் வரும். அதுல வெயில் பட்டா கரண்ட் வரும். ஆனா காத்தும் ஈரமும் உள்ள போயிட்டா, வெளிச்சத்துல ரெண்டே நாள்ல வெளுத்துடும். வெளுத்தா செத்துப் போச்சுன்னு அர்த்தம். உலகம் பூரா இதே தொல்லைதான். நம்ம ஊரு மழைக்காலத்துல கேக்கவே வேணாம்."

"என் அப்பளமே டப்பாக்குள்ள நமுத்துப் போவுதே," என்று கலியன் மறுபடி வாயைத் திறந்தார்.

"அதேதான். நான் மேல இன்னொரு கண்ணாடி வச்சு, ஓரத்துல நானே கலந்த ஒரு பசை போட்டு மூடினேன். அந்த மாதிரி நாலு துண்டு பண்ணினேன், செல்னு சொல்லுவோம். நாலும் இந்த மழைக்காலம் பூரா உயிரோட இருந்துது மாமா! டைரக்டர் லாஹிரி சார் நம்பலை. டெல்லியில பணம் கேக்கணும்னா வேற ஒருத்தர் சோதிக்கணும்னார். மஹாதேவன் சாரை சோதிக்கச் சொன்னார்."

"யாரந்த மஹாதேவன்?"

"எங்க சீனியர். சிலிக்கான் ஆள். என்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்ததே அவர்தான்." அவள் துண்டை மடித்தாள். "வியாழக்கிழமை சாயங்காலம் நாலு செல்லையும் ஒரு கறுப்பு டப்பாவுல போட்டு விளக்கு ரூம்ல வச்சுட்டுக் கரக்பூர் போனேன். அங்க ஒரு பேச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி மஹாதேவன் சார் டைரக்டருக்குப் போன் பண்ணியிருக்கார். நாலையும் விளக்குல வச்சுப் பாத்தேன், ஒண்ணுகூட கரண்ட் தரலைன்னு. நேத்து வந்து டப்பாவைத் திறந்தேன். மூணுதான் இருந்துது. மூணும் வெளுத்துக் கிடந்துது."

"நாலாவது?"

"சோதிக்கும்போது கையில உடைஞ்சுது, குப்பையில போட்டேன்கறார்."

"அந்த ரூம் சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட, அவர்கிட்ட, கீழ ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக் நிமாய்-தாகிட்ட. இங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

கலியன் மேசையைத் தட்டினார். "நிமாய்தாங்க! வெள்ளிக்கிழமை விஸ்வகர்மா பூஜை, நம்ம ஆயுத பூஜை மாதிரி. மைக் செட்டைப் போட்டுக்கிட்டு ஊரையே ரெண்டாக்கினானுங்க. இந்த ரிக்‌ஷா ஸ்டாண்டுல போட்ட சத்தத்துல எனக்கு ஆர்டரே காதுல விழலை. வடை கேட்டவருக்குப் பொங்கல் குடுத்தேன். அந்த அமர்க்களத்துல எவனோ புகுந்து…"

"நிமாயை நீ பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

"பாக்காத ஆளைப் பிடிச்சுக் குடுக்காதே. சட்டையை மாத்திண்டு வா."

சால்ட் லேக் போய்ச் சேர்வதற்குள் மழை விட்டிருந்தது. ஆராய்ச்சிக்கூடம் மூன்று மாடிக் கட்டிடம். தரைத்தளத்தில் ஒர்க்‌ஷாப். அதற்கு நேர் மேலே விளக்கு அறை. தரையில் ஒரு திருகு விழுந்தால் மேலே கேட்கும்.

அறை நடுவில் ஒரு மேசை. மேசை மேல் தகரக் கூண்டு போட்ட பெரிய விளக்கு. வெயில் மாதிரியே வெளிச்சம் தரும் விளக்கு என்றாள் கீதாஞ்சலி. அதை ஏற்றினால் கூண்டின் மேல் கை வைக்க முடியாது, தோல் பொசுங்கிவிடும். பட்டாபிராமன் விளக்கைப் பார்க்கவில்லை. அறையில் இருந்த மற்ற மெஷின்களைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு செண்டுமல்லி மாலை வாடித் தொங்கியது. ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டு. விளக்குக் கூண்டில் பொட்டு இருந்தது. மாலை இல்லை.

"கலியா, தரையைப் பாரு."

கலியனுக்கு இதுதான் பிடித்த வேலை. கைலியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார், பேண்ட் என்பதால் முழங்காலிலேயே தவழ்ந்தார். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் விரலை விட்டு எதையோ நோண்டி எடுத்தார்.

"பூ இதழுங்க. பாதி கருகிக் கிடக்குது."

பட்டாபிராமன் அதை வாங்கிக் காகிதத்தில் மடித்தார். பிறகு கறுப்பு டப்பாவைத் திறந்தார். வெளுத்த கண்ணாடித் துண்டுகள் மூன்று, ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, துண்டுகளின் ஓரத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

"கீதா, உன் பசையில இந்தக் கீறல் எப்பவும் உண்டா?"

அவள் குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. "இல்ல மாமா. இது… பிளேடு."

"மூணுலயும் இருக்கு. ஒரே மூலையில. துறைமுகத்துல விஸ்கிப் பெட்டியை இப்படித்தான் திறப்பான். திறந்து மூடி வச்சுட்டா யாருக்குத் தெரியும்னு." அவர் டப்பாவை மூடினார். "இதுகள் தானாச் சாகலை. காத்து உள்ள போகட்டும்னு யாரோ திறந்திருக்கா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் தப்புப் பண்ணிட்டேன், என் பசைதான் சரியில்லைன்னு ராத்திரி பூரா நினைச்சுண்டிருந்தேன்."

"அதுக்கு இன்னும் பதில் வரலை. மீதியைப் பாப்போம்."

கீழே ஒர்க்‌ஷாப்பில் நிமாய் கடைசல் மெஷின் முன்னால் நின்றார். ஐம்பது வயது, தடித்த கண்ணாடி. பட்டாபிராமன் அவரிடம் வங்காள மொழியில் பேசினார். கலியனுக்கு வங்காளம் கடை பேரத்துக்கு மட்டும்தான் வரும். ஆனாலும் தலையைத் தலையை ஆட்டினார்.

"பூஜை நல்லா நடந்ததா தாதா?"

"நடந்தது. பொழுது விடியறதுக்குள்ள ரூம் ரூமாப் போய் எல்லா மெஷினுக்கும் மாலை போட்டேன். அன்னிக்கு ஒரு மெஷினும் ஓடாது. ஓட்டினா பாவம். கிச்சடி, மைக், பாட்டு எல்லாம் இங்கயேதான். சனிக்கிழமை காலையில சிலையைக் கரைச்சுட்டு வந்து ரூம் ரூமா சாந்தி ஜலம் தெளிச்சேன்."

"மேல விளக்கு அறையிலும்?"

"எல்லா இடத்திலும்தான்."

"அப்ப விளக்கு மேல மாலை இருந்துதா?"

"இருந்ததே. தண்ணி பட்டுப் புதுசு மாதிரி இருந்தது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

சுவரோரம் பலகையில் சிலை இருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் வாடிய பூ, கடைசலில் பிடித்த ஒரு புதுத் திருகு, கண்ணாடிப் பிரிவில் ஊதிய ஒரு வளைந்த குழாய், சிவப்புத் துணியில் சுற்றிய ஏதோ சின்னச் சாமான். கலியன் தொடப் போனார். நிமாய் கையைத் தட்டிவிட்டார்.

"வியாழக்கிழமைதான் எடுப்பேன். எங்க அப்பா காலத்திலேயிருந்து அப்படித்தான். ஒவ்வொரு ரூம்ல செஞ்சதும் ஒண்ணு சாமி காலடியில இருக்கணும். சாமிக்கு வேலையைக் காட்ட வேண்டாமா?"

பட்டாபிராமன் தட்டை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "தொடாதே கலியா," என்றார். "வா, பெரியவரைப் பாப்போம்."

மஹாதேவன் அவர்களைத் தன் அறையில் உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். நெற்றியில் விபூதி, அளந்த பேச்சு. ஆராய்ச்சிக்காரர்கள் சத்தியம் செய்ய மாட்டார்கள், எண் சொல்வார்கள். எண்ணைக் கேட்டதும் நாம் வாயை மூடிக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

"அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல சார். ஆசைப்பட்டுட்டா. ஆசைப்பட்டா கண்ணு கொஞ்சம் மங்கும்."

"நீங்க வெள்ளிக்கிழமை சோதிச்சீங்களாமே."

"பத்து மணிக்கு விளக்கைப் போட்டேன். நாலு மணிக்கு அணைச்சேன். ஒண்ணும் வரலை."

"நாலு செல்லும்?"

"நாலையும் என் கையால வச்சேன், என் கையால எடுத்தேன். கடைசியில ஒண்ணு உடைஞ்சுது."

"பூஜை நாளாச்சே. தொந்தரவா இருந்திருக்குமே."

"பூஜைன்னு ஒருத்தரும் வேலைக்கு வரலை. கட்டிடமே அமைதியா இருந்துது. சோதனைக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது."

"ரொம்ப நல்லது," என்றார் பட்டாபிராமன். டீயை முழுதும் குடித்தார்.

வெளியே வந்ததும் கலியன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சார், மைக் செட்டு…"

"காதுல விழுந்துதா உனக்கு?"

"அமைதியா இருந்துதாம்! கீழயே பாட்டு போட்டிருக்கான்!"

"ம். ஆனா அது போதாது. காதை மூடிண்டு வேலை பண்ணினேம்பார். படிச்சவர்."

புதன்கிழமை பகல், விளக்கு அறையில் எல்லோரும் கூடினார்கள். டைரக்டர் லாஹிரி டெல்லியிலிருந்து நேரே வந்திருந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. மஹாதேவன் ஜன்னலோரம். கீதாஞ்சலி கதவோரம், தப்பி ஓட வழி வைத்துக்கொண்டவள் மாதிரி. பட்டாபிராமன் சொல்லியனுப்பியதால் நிமாய் பித்தளைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றார். ஏன் என்று அவருக்கும் தெரியாது.

லாஹிரி கடிகாரத்தைப் பார்த்தார். "உங்களுக்குக் கொஞ்ச நேரம் தரேன். கீதாஞ்சலிக்காக."

"கொஞ்சம் போதும் சார்," என்றார் பட்டாபிராமன். காகிதத்தைப் பிரித்துக் கருகிய இதழை மேசை மேல் வைத்தார். "இந்த விளக்குக்கு வெள்ளிக்கிழமை விடியக்காலையில மாலை போட்டாச்சு. சனிக்கிழமை காலையில நிமாய் தண்ணி தெளிக்கும்போது அது வாடாம இருந்துது. நேத்து நாங்க வந்தப்ப மாலையைக் காணோம், கருகின இதழ்தான் கிடைச்சுது. அப்ப விளக்கு எரிஞ்சது சனிக்கிழமைக்கு அப்புறம். வெள்ளிக்கிழமை எரியலை."

மஹாதேவன் சிரித்தார். "மாலையை எடுத்து ஓரமா வச்சுட்டு, வேலை முடிஞ்சதும் திரும்பப் போட்டேன். பூஜைக்கு மரியாதை."

"இருக்கலாம்," என்று பட்டாபிராமன் ஒத்துக்கொண்டார். "அப்ப இன்னொண்ணு. இந்த மூணு செல்லோட ஓரத்தை யாரோ பிளேடால கீறியிருக்கா. வெள்ளிக்கிழமையே செத்துப்போச்சுன்னா, அதுக்கப்புறம் எதுக்குக் கீறணும்? உயிரோட இருந்தாத்தானே கொல்லணும்?"

"யார் கீறினாளோ? எனக்கென்ன தெரியும்?"

"சரி. நீங்க வெள்ளிக்கிழமை நாலு செல்லையும் கையால வச்சேள்."

"எத்தனை தடவை கேப்பீங்க? நாலும்தான்."

பட்டாபிராமன் நிமாய் பக்கம் திரும்பினார். "தாதா, ஒரு நாள் முன்னாடி பிரிக்கலாமா? கேக்கறேன். வேண்டாம்னா நாளைக்குக் காத்திருக்கேன்."

நிமாய் தட்டைப் பார்த்தார். கீதாஞ்சலியைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. தட்டை நெற்றியில் ஒற்றிக்கொண்டு மேசை மேல் வைத்துச் சிவப்புத் துணியைப் பிரித்தார்.

உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு. தீப்பெட்டி அகலம். பீட்ரூட் நிறம். ஒரு மூலையில் குங்குமம் அப்பியிருந்தது.

"ஐயோ," என்றாள் கீதாஞ்சலி.

"மேடம், கோவிச்சுக்காதீங்க," என்றார் நிமாய் அவசரமாக. "வெள்ளிக்கிழமை விடியக்காலையில மாலை போட வந்தப்ப டப்பாவிலேயிருந்து ஒண்ணு எடுத்தேன். எல்லா ரூம்லயும் ஒண்ணு எடுத்தேன். உங்க கண்ணாடி செத்துப்போச்சுன்னு பேசிக்கிட்டாங்க. டப்பாவுல இருந்ததைச் சொல்றாங்கன்னு நினைச்சேன். சாமிகிட்ட இருக்கறதை யாரும் கேக்கலையே."

"நாலாவது செல் வெள்ளிக்கிழமை விடியறப்பவே தட்டுக்குப் போயிடுத்து," என்றார் பட்டாபிராமன். "அதை யாரும் விளக்குல வைக்கவும் இல்ல, உடைக்கவும் இல்ல. வெள்ளிக்கிழமை நீங்க இந்த ரூமுக்கே வரலை சார். வந்திருந்தா மூணுதான் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். மைக் சத்தமும் கேட்டிருக்கும்."

மஹாதேவன் அந்தக் கண்ணாடித் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எண் எதுவும் சொல்லவில்லை. பேசினபோது குரல் வேறாக இருந்தது.

"எப்படியும் செத்திருக்கும்னு நினைச்சேன். பத்து வருஷமா எத்தனை பேர் இதுல தோத்தாங்க, எனக்குத் தெரியும். மழைக்காலத்துல, இந்த ஊர்ல! பாக்கவே வேணாம்னு தோணிடுத்து. வீட்டுல உக்காந்துண்டே போன் பண்ணினேன்." மூச்சு வாங்கினார். "ஞாயித்துக்கிழமை வந்தேன். பேருக்கு ஒரு தடவை வச்சுப் பாத்துடலாம்னு விளக்கைப் போட்டேன். மாலை பொசுங்கி நாத்தம் வந்துது, எடுத்துப் போட்டேன். மூணுதான் இருந்துது. ஆனா… மூணும் வேலை செஞ்சுது கீதா. நல்லா வேலை செஞ்சுது. டைரக்டர் டெல்லி போயாச்சு. நான் சொன்னது பொய்னு ஆகப் போறது. பிளேடை எடுத்தேன். ஓரத்தைத் திறந்து நாள் பூரா விளக்குலயே போட்டேன்."

லாஹிரி பெட்டியை இப்போதுதான் கீழே வைத்தார். "மஹாதேவன், என் அறையில இருங்க. பிறகு பேசறேன்."

மஹாதேவன் போகிற வழியில் கீதாஞ்சலி முன்னால் நின்றார். அவள் கதவோரத்திலிருந்து விலகி வழி விட்டாள்.

"இதை அளக்கணும்," என்றார் லாஹிரி. விளக்கின் ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை. மின்விசிறியும் நின்றுபோயிருந்தது. கரண்ட் போய்விட்டது.

"பகவானே, இப்பவா?" என்றார் கலியன்.

கீதாஞ்சலி மீட்டரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். மேகம் கலைந்து வெயில் சரிந்து விழுந்தது. கண்ணாடித் துண்டை ஜன்னல் கட்டையில் வைத்து இரண்டு ஒயரைத் தொடுத்தாள். முதல் தடவை ஒயர் நழுவியது. இரண்டாம் தடவை முள் எழுந்தது. கீழே விழாமல் நின்றது.

ஊர் பூரா கரண்ட் இல்லாத நேரத்தில் அந்தத் தம்மாத்துண்டு கண்ணாடியில் மட்டும் கரண்ட் இருந்தது.

லாஹிரி குனிந்து முள்ளைப் பார்த்தார். "எண்ணெய், குங்குமம், ஈரப் பூ… இதன் மேல தண்ணீர் கூடத் தெளிச்சீங்களா நிமாய்?"

"சாந்தி ஜலம் சார். கொஞ்சம் தாராளமாவே."

"எந்த லேபிலயும் இப்படி ஒரு சோதனை பண்ண மாட்டாங்க," என்று லாஹிரி சிரித்தார். "டெல்லிக்கு இன்னிக்கே போன் பண்றேன். கீதாஞ்சலி, அந்தக் குங்குமத்தைத் துடைச்சுடு. சரியா அளக்கலாம்."

"வேணாம் சார். ஒரு மூலை மறைஞ்சும் இவ்வளவு தருது. அப்படியே இருக்கட்டும்."

கலியன் மீட்டருக்குப் பக்கத்தில் தலையை நீட்டினார். "இதால என் கடை பல்பு எரியுமா தங்கச்சி?"

"எரியும் அண்ணே. நாளைக்கு இல்ல. பத்து வருஷம் ஆகலாம்."

"அவ்வளவுதானே. கடை அங்கயேதான் இருக்கும்."

நிமாய் மேசையைச் சுற்றி வந்து தட்டையும் சிவப்புத் துணியையும் எடுத்துக்கொண்டார். கொஞ்சம் தயங்கினார். பிறகு கையை நீட்டினார்.

"மேடம், நாளைக்குத்தான் வியாழக்கிழமை."

"என்ன, திரும்ப வேணுமா?" லாஹிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இருக்கறதே இது ஒண்ணுதான்! இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டணும்!"

கீதாஞ்சலி பட்டாபிராமனைப் பார்த்தாள். அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் நிமாயின் கையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

அவள் ஒயரைக் கழற்றி, கண்ணாடித் துண்டைச் சிவப்புத் துணியில் தானே சுற்றி, தட்டில் திருகுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இத்தனை நாள் அங்க இருந்து சாகலை சார். இன்னும் ஒரு நாள் இருந்தா என்ன?"